விளையாட்டும் வீணையும்

சங்கீதம் என்றால் பெரிய சபையும் ஒலிபெருக்கியுமே என்று நம்மவரிற் பலர் எண்ணி வருகின்றனர். ஒரு கூடத்தில் நாலைந்து வாத்தியங்கள் சேர்ந்து இசைக்க, சில ரஸிகர்கள் அருகிலிருந்து கேட்கும் முறை நமக்குப் புதியதன்று. அதற்கேற்ற புது உருப்படிகள் எங்கிருந்து பிறக்கும் என்பதே கேள்வி. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் பிள்ளைகள் ஆடும் தெருக்களிலிருந்தே அவை பிறக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வட்டாரம் சங்கீதத்துக்கு அந்நியமானதன்று. உடையார்பாளையத்தில் கச்சி யுவரங்கரின் ஆதரவில் கனம் கிருஷ்ணையர் அரிய பதங்களை இயற்றினார். அவரிடம் பயின்ற வேங்கடசுப்பையர் அரியலூர் ஜமீனின் ஆதரவைப் பெற்றார். அவருடைய குமாரரே அரியலூரிலும் குன்னத்திலும் பால்யத்தில் தமிழ் கற்ற மகாமகோபாத்தியாய சாமிநாதையர்.

சிறுபிள்ளை விளையாட்டு வித்வான்களுக்குத் தகுமா என்று சிலர் நகைக்கக்கூடும். மாணிக்கவாசகர் அவ்வாறு நகைக்கவில்லை. அம்மானை, சாழல், உந்தி, பொன்னூசல் ஆகிய பெண்மக்களின் ஆட்டப்பாட்டுக்களையே அவர் திருவாசகத்துக்கு உருவமாகக் கொண்டார். மேனாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோல்வியுற்ற அதே 1871-ஆம் ஆண்டில், ஜார்ஜ் பிஸே என்ற பிரெஞ்சுக்காரர் குழந்தை விளையாட்டுக்களைப் பற்றி 12 சிறு உருப்படிகளை, இருவர் ஒரே பியானோவில் அமர்ந்து வாசிக்கும்படி இயற்றினார். ஊஞ்சல், பம்பரம், கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை என்று செல்லும் அப்பட்டியலைக் காணும் அரியலூர்வாசி, இவை நம் தெரு ஆட்டங்களன்றோ என்று வியப்பான். ஆயினும் பிஸேயைப் பார்த்து எழுதுவது நம் வேலையன்று. அவர் தம் நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்ததுபோல் நாம் நம் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும்.

பார்த்தால் கிடைப்பது கொஞ்சமன்று. பல்லாங்குழியில் ஏழேழாக இரண்டு வரிசைக் குழிகள்; குழிக்கு ஐந்து முத்து வைத்து ஆடுவது ஒரு வழக்கம். ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபுவில் ஐந்தைந்தாகச் செல்லும் கண்ட நடையை அமைத்தால், அந்தக் கணக்கு மிருதங்கத்தில் அப்படியே பேசும். வெறுங்குழி வருமிடத்தில் ஓசையை நிறுத்திவிடலாம். சடுகுடு ஆடுபவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரிகளின் எல்லைக்குட் சென்று மீள்கிறான். புல்லாங்குழற்காரருக்கு அதுவே விதியாகட்டும்: ஒரே மூச்சில் மேல் ஸ்தாயிக்குப் போய்த் திரும்பவேண்டும். கண்ணாமூச்சியில் பிடில் ஒளித்துவைக்கும் ராகத்தை வீணை தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் காலம் காத்திராது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் வீதியில் கோடு கிழித்து நொண்டியாட இடமேது? எஞ்சிய பிள்ளைகளையும் கைப்பேசி வீட்டுக்குள் அமர்த்திவிட்டது. ஆட்டம் மறைந்தால் அதன் பாட்டும் மறையும்; பாட்டை அறிந்த பாட்டிமார்களோ நாளுக்கு நாள் குறைகின்றனர்.

ஆதலின், ஓட்டுக் கேட்கக் கிராமந்தோறும் செல்லும் நம் ஊழியர்கள் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் உடன் கொண்டுசெல்வாராக. கேட்ட பாட்டை மெட்டோடு பதிந்து வித்வான்களிடம் சேர்ப்பாராக. வித்வான்கள் அவற்றை உருப்படியாக்கட்டும். சபைகள் ஒவ்வொரு கச்சேரியிலும் கால் மணி நேரம் அவற்றுக்கு அளிக்கட்டும். தன் பிள்ளைகளின் குரலை மறந்த தேசத்துக்குத் தன் சொந்தக் குரல் ஏது?