கம்பியைக் கடிக்கும் எலி, உயிரைக் குடிக்கும் வேலி

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு போகும் கள்ளக்குறிச்சி வயல்களில், வெட்டு முடிந்ததும் எலிகளின் மறைவிடம் போய்விடுகிறது. தோகைக்குள் கிடந்தவை வரப்புக்கும், அங்கிருந்து மோட்டார் கொட்டகைக்கும் வருகின்றன. கல்வராயன் மலையடிவாரத்து மரவள்ளிக் காடுகளிலும் எலிக்குக் குறைவில்லை.

கேபிளில் தின்ன ஒன்றுமில்லை. ஆனால் எலியின் வெட்டுப்பற்கள் சாகும்வரை வளரும்; கொறித்துக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. பி.வி.சி. உறை மட்டுமல்ல, செம்பும் அலுமினியமும்கூட அந்தப் பல்லைவிட மென்மையானவை. 2013 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் தற்காலிக ஸ்விட்ச்போர்டுக்குள் எலி புகுந்ததால், எரிபொருள் குளங்களைக் குளிர்விக்கும் வேலை ஏறத்தாழ 29 மணி நேரம் நின்றது.

மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக்கொள்ளலாம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, இருட்டில் ஈரக் காலோடு ஸ்டார்டரைத் தொடப் போகிறவரின் உயிரை யார் மீட்பது? உறை போன கம்பி ஒரு விரற்கடை இரும்புப் பைப்பில் பட்டால் போதும்.

எலிக்குப் பயந்து வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, நேரடியாக மின்சாரம் விடுவது அதைவிடக் கொடுமை. வட மாவட்டங்களில் இந்தக் கள்ள வேலிகளில் சிக்கி, கட்டியவரும் செத்திருக்கிறார், வழிப்போக்கரும் செத்திருக்கிறார். இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

கேபிள் இழுக்கும் நாளிலேயே காவல் போட வேண்டும். எஃகுப் பட்டை சுற்றிய ஆர்மர்டு கேபிளாக வாங்கி, இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதையுங்கள். மண்ணைவிட்டு மேலே வரும் இடத்தில் ஜி.ஐ. பைப் போடுங்கள். பைப்பின் வாயைத்தான் பலரும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். அரை அங்குல ஓட்டையில் எலி நுழையும், கால் அங்குலத்தில் சுண்டெலி நுழையும். நுரையை மட்டும் அடைத்தால் குடைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரைத் திணித்து, கொட்டகைச் சுவரின் துளைகளைச் சிமென்ட்டால் பூசுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியையும் எர்த்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

எலியைக் குறைக்கத் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறி இருக்கிறது. வயலில் குச்சி நட்டால் இரவில் கூகை வந்து உட்காரும். விஷம் தின்ற எலியைப் பிடித்தால் அந்தக் கூகையும் சாகக்கூடும் என்பதால், விஷத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது.

கடிபட்ட கேபிளைக் கண்டால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். கம்பத்திலிருந்து வரும் கம்பி என்றால் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.