குர்கானில் வேலைநிறுத்தம், கனடாவில் நின்றது கார் உற்பத்தி

புது தில்லி: தலைநகரிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் குர்கானைக் கடந்தால் மானேசர், தாருஹேரா, பாவல் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். மாருதி சுசுகி, ஹோண்டா போன்ற பெரிய பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். அவற்றுக்குப் பின்னால், வெளியுலகம் பெயர்கூட அறியாத நூற்றுக்கணக்கான உதிரிபாக ஆலைகள் இயங்குகின்றன. கடந்த 20 ஆண்டுகளாக இந்தச் சாலையோரத்தில் நடந்துவரும் போராட்டங்களை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம். ஒரு கார் பல நூறு ஆலைகளில் உருவாகும்போது, தொழிற்சங்கம் மட்டும் ஏன் ஓர் ஆலையின் மதிற்சுவருக்குள் அடங்கியிருக்க வேண்டும்?

இக்கேள்வியின் வீச்சு உலகுக்குத் தெரிய வந்தது 2009-ம் ஆண்டில். குர்கானில் உள்ள ரிக்கோ ஆட்டோ ஆலையில் சங்கம் அமைக்கும் முயற்சியும், அதையொட்டித் தொழிலாளர்கள் சிலர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும் செப்டம்பர் மாதத்தில் வேலைநிறுத்தமாக வெடித்தன. அக்டோபர் 18-ம் தேதி ஆலை வாயிலில் நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இரண்டே நாள்களில், ஏஐடியுசி உள்ளிட்ட சங்கங்களின் அழைப்பை ஏற்று, குர்கான்-மானேசர் வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் ரிக்கோ ஆலையின் உள்ளே கால்வைத்தவர்கள் அல்லர்.

ஆனால் எவரும் எதிர்பாராத விளைவு கடல் கடந்து நிகழ்ந்தது. ரிக்கோ தயாரிக்கும் பாகங்கள் அமெரிக்க நிறுவனங்களின் கியர் அமைப்புகளில் பொருத்தப்படுபவை. அவை வந்து சேராததால் கனடாவின் ஓக்வில் நகரில் ஃபோர்டு ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளிலும் உற்பத்தி தடைப்பட்டது. "தேவைப்படும் நேரத்துக்கு, தேவைப்படும் அளவு" என்பதே இன்றைய கார்த் தொழிலின் நிர்வாக மந்திரம். கிடங்கில் சரக்கைத் தேக்கி வைப்பது வீண் செலவு என்று கருதப்படுகிறது. நிறுவனங்களுக்கு லாபம் தரும் அதே ஏற்பாடு, சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் வேலை செய்யும் தொழிலாளிக்கும் வலிமை தந்துவிடுகிறது.

இதை வெற்றி என்று கொண்டாடிவிட முடியாது. ஓக்வில் தொழிலாளர்கள் ஆதரவு வேலைநிறுத்தம் செய்யவில்லை. உதிரிபாகம் இல்லையென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். சரக்குகள் பின்னியிருந்த அளவுக்குச் சங்கங்கள் பின்னியிருக்கவில்லை.

அந்தப் பின்னலைத் திட்டமிட்டு உருவாக்கும் முயற்சி மாருதியில் நடந்தது. மானேசர் ஆலையில் தனிச் சங்கம் கோரி 2011 ஜூனில் தொடங்கிய போராட்டத்தின்போது, அக்டோபரில் சுசுகி பவர்டிரெயின், சுசுகி காஸ்டிங்ஸ், சுசுகி மோட்டார்சைக்கிள் ஆலைகளின் தொழிலாளர்களும் ஆதரவாக வேலையை நிறுத்தினர். பவர்டிரெயினிலிருந்து பாகங்கள் வராமல், போராட்டத்தில் ஈடுபடாத குர்கான் ஆலையின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் சங்கத் தலைவர்கள் சுமார் 30 பேர் பணம் பெற்றுக்கொண்டு வெளியேறியது தொழிலாளர்களுக்குப் பேரிடி. புதிய சங்கம் 2012-ல் பதிவாயிற்று. அவ்வாண்டு ஜூலை 18-ம் தேதி நடந்த வன்முறையில் மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். நூற்றைம்பது பேர் வரை கைதாயினர். நிரந்தரத் தொழிலாளர்கள் 546 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். கைதானவர்களில் 117 பேரை நீதிமன்றம் 2017-ல் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையானோர் இடையில் இழந்த ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

உலக அளவில் வேறொரு வழியும் முயலப்படுகிறது. நிறுவனத்தின் தலைமையகத்துடன் சர்வதேச சங்கக் கூட்டமைப்பே உடன்பாடு செய்துகொள்வது அது. 1988-ல் பிரான்சின் டனோன் நிறுவனத்திடமிருந்து உணவுத் துறைக் கூட்டமைப்பு பெற்ற உடன்பாடு இதற்கு முன்னோடி. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை நீதிமன்றத்தில் செல்லுபடியாகாத வாக்குறுதிகள். 1,100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ராணா பிளாசா விபத்துக்குப் பின், 2013-ல் வங்கதேசத்தில் கையெழுத்தான பாதுகாப்பு உடன்பாடுதான் ஆடை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. தமிழகத்தின் திண்டுக்கல்லில் 2022-ல் ஏற்பட்ட உடன்பாடும் இவ்வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய நிறுவனங்களோ இத்தகைய உடன்பாடுகளில் அரிதாகவே கையெழுத்திட்டுள்ளன. எனவே மானேசர் தொழிலாளிக்கு டோக்கியோவின் கதவு இன்னும் திறக்கவில்லை.

உள்ளூர்ச் சட்டத்தின் கதவாவது திறந்திருக்கிறதா? மாருதிக்குப் பாகங்கள் வழங்கும் பெல்சோனிகா ஆலையின் சங்கம், 2021-ல் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு உறுப்பினர் தகுதி வழங்கியது. ஒரே எந்திரத்தில் அருகருகே நின்று வேலை செய்பவர்கள் ஒரே சங்கத்தில் இருக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. இந்தச் சேர்க்கையைக் காரணம் காட்டி, 2023-ல் சங்கத்தின் பதிவையே ரத்து செய்தார் ஹரியாணா தொழிற்சங்கப் பதிவாளர். வியப்பு என்னவெனில், வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம், தாவா எழுந்துள்ள முதலாளியிடம் நேரடியாக வேலை செய்யாதவரையும் தொழிலாளி என்றே வரையறுத்திருந்தது.

பதிவேட்டில் இடமில்லாதவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. மாருதியின் தற்காலிகத் தொழிலாளர்கள் 2025 ஜனவரியில் குர்கானில் திரண்டு தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். ஏழு மாத வேலை, பிறகு வெளியேற்றம், மீண்டும் அழைப்புக்காகக் காத்திருப்பு என்று ஆலைக்கு ஆலை அலைபவர்கள் இவர்கள். இந்த அலைச்சலே சங்கிலியின் எல்லாக் கண்ணிகளிலும் இவர்களுக்குத் தோழர்களைத் தேடித் தந்திருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ளோரில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கத்தையே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகக் கருதப்படும். பதிவேடு யாருடையது, அதில் யார் யார் பெயர் இருக்கும் என்பதில்தான் மானேசர் சங்கங்களின் அடுத்த வழக்குகள் காத்திருக்கின்றன.