வயலும் வரவும் – 9: புழுவை எண்ணிப் பார்த்தீர்களா?

நட்டு முப்பது நாள் ஆன சம்பா வயலில் தோகை நீளவாக்கில் சுருண்டு, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால் விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். சுருட்டுப்புழு! விடிந்ததும் நாலு தோகையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவார்.

“என்னண்ணே, இப்படி வெளுத்துக் கிடக்கு?”

கடைக்காரர் தோகையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. “புழு விழுந்திருச்சு. இதை டேங்குல ஊத்தி அடிங்க. கூடவே இந்த டானிக்கையும் கலந்துக்குங்க, பயிர் கருகருன்னு வந்துரும். காசு அறுப்புக்கு அப்புறம் பாத்துக்கலாம்.”

வைத்தியரும் அவர்தான், மருந்து விற்பவரும் அவர்தான், கடன் கொடுப்பவரும் அவர்தான். டெல்டாவில் பூச்சிமருந்துச் செலவு பெரும்பாலும் இந்தக் கல்லாவில்தான் முடிவாகிறது.

கணக்கு என்ன சொல்கிறது? மருந்தும் அடிகூலியும் சேர்த்து ஏக்கருக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025–26 கொள்முதலில் மாநில ஊக்கத்தொகையோடு சாதா ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. அதாவது கிலோ ஏறக்குறைய 25 ரூபாய். ஒரு தடவை மருந்தடிக்க 48 கிலோ நெல்லை விற்றாக வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை நாற்பது காண்கிற வயலில் அது மகசூலில் 2 சதவீதம். மருந்து அடித்தாலும் சேதம் முழுசாக நிற்பதில்லை. பாதிதான் நிற்கும் என்றால், புழு குறைந்தது 4 சதவீத நெல்லைத் தின்னக்கூடிய அளவில் இருந்தால்தான் போட்ட காசாவது திரும்பும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிட, வியாபாரியிடம் 18 ரூபாய்க்குத் தள்ளினால் அதே மருந்தின் விலை 67 கிலோ நெல்.

இதைத்தான் ‘பொருளாதாரச் சேத நிலை’ என்கிறார்கள். 1959-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் வெர்னான் ஸ்டெர்னும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கருத்து இது. பூச்சி இருக்கிறதா என்பதல்ல கேள்வி. மருந்துச் செலவைவிட அதிகமாகத் தின்னும் அளவுக்கு இருக்கிறதா என்பதே. நம் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்கு எண்களே கொடுத்திருக்கிறது. சுருட்டுப்புழுவுக்குப் பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். குருத்துப்பூச்சிக்கு 10 சதவீதக் குருத்துக் காய்ச்சல், அல்லது 2 சதவீத வெண்கதிர். இளம்பயிரில் வரம்பு தாராளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: புதுத் தோகை விட்டு இழந்ததை ஈடுகட்டும் தெம்பு அதற்கு இருக்கிறது. நூறு தோகையில் பத்து வெளுத்தால் நூறு மூட்டையில் பத்து போய்விடாது.

இது தெரிந்தும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயிர்க் காப்பீட்டுக்கு சம்பாவில் 1.5 சதவீதம் பிரீமியம் கட்டுகிறார்கள். ஆனால் நெல்லுக்கு இழப்பீடு கிராம அளவில் அறுவடைச் சோதனை நடத்தித்தான் தீர்மானமாகிறது. தன் மூன்று மாவில் மட்டும் புழு விழுந்தால் ஒரு பைசா வராது. மூட்டைக் கணக்கில் குத்தகை பேசியவருக்கு விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டிய நெல் அளந்தாக வேண்டும். அவர் அடிக்கிற மருந்தில் பாதி புழுவுக்கு, பாதி பயத்துக்கு. அதையும் ஒரு காப்பீடு என்று விட்டுவிடலாம், அது உண்மையிலேயே காப்பாற்றினால்!

அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி விஷயத்தில் அது காப்பாற்றுவதில்லை. கண்ட மருந்தை, அதிலும் பைரித்ராய்டு வகையை, முன்கூட்டி அடித்தால் அதைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகிறது. தின்ன ஆளில்லாமல் புகையான் பெருகுகிறது. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான்வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் ஒன்றே வரம்பு. அதாவது வரம்பை இரட்டிப்பாக்குகிற சொத்தைக் காசு கொடுத்துக் கொல்கிறோம். இந்தோனேசியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. மருந்துக்கு அரசே பெரும் மானியம் கொடுத்து, புகையான் பெருகிப் பரவி, கடைசியில் 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மானியமும் சில ஆண்டுகளில் நின்றது. நெல் விளைச்சல் சரியவில்லை.

யூரியாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிற பயிர் வரப்பில் போகிறவர் கண்ணைப் பறிக்கும். சுருட்டுப்புழுவையும் புகையானையும் அதைவிட வேகமாக இழுக்கும். அந்த ஒரு மூட்டை, பின்னாலேயே 1,200 ரூபாய் மருந்தைக் கூட்டிவருகிறது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத் தேவைக்கு மட்டும் யூரியா போட்டால், சில வயல்களில் மருந்துப் பேச்சே எழாது.

ஆகவே, அடுத்த முறை தோகையைக் கிள்ளுவதற்கு முன்னால் வயலுக்குள் இறங்குங்கள். வரப்போரம் பார்த்தால் போதாது. குறுக்கே நடந்து, அங்கங்கே இருபது குத்தையாவது விலக்கி, வெளுத்த தோகை எத்தனை, அடித்தூரில் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எண் வரம்பைத் தாண்டியிருந்தால் தயங்காமல் அடியுங்கள். தாண்டவில்லையென்றால் நாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். டானிக் மட்டும் எந்தக் கணக்கிலும் வேண்டாம்.

(அடுத்த வாரம்: அறுப்பு மெஷினுக்குக் காத்திருந்தால் என்ன நஷ்டம்?)