அம்பயர் இல்லாத ஆட்டம்! கோல்ஃப் கற்க வருபவர்கள் கவனிக்க...

1925-ம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி. உயரமான புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானார் 23 வயது பாபி ஜோன்ஸ். மட்டையைக் கீழே வைத்த நேரத்தில் பந்து துளி அசைந்துவிட்டது. வேறு யாருடைய கண்ணிலும் அது படவில்லை. ஆனாலும், தன் கணக்கில் ஒரு அடியைத் தண்டனையாகச் சேர்க்கச் சொன்னார் ஜோன்ஸ்.

முடிவு? ஆட்டம் சமனில் முடிந்து, அடுத்து நடந்த பிளே-ஆஃபில் அவர் தோற்றுப்போனார். அந்த ஒரு அடி இல்லையென்றால் கோப்பை அவருக்குத்தான்! பாராட்ட வந்தவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் பாராட்டுவீர்களா என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். 1955 முதல் அவர் பெயரிலேயே நன்னடத்தைக்கான விருதும் வழங்கப்படுகிறது.

கிரிக்கெட்டில் அம்பயர் உண்டு, அவருக்கு மேல் தேர்டு அம்பயரும் உண்டு. கோல்ஃபில் பெரும்பாலான நேரம் நாம் அடித்ததை நாமேதான் எண்ண வேண்டும். அதனால், இங்கே நாகரிகம் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. புதிதாக ஆடப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ...

முதலில் பாதுகாப்பு

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமைத் தாண்டாது. ஆனால், அது பறந்து வரும் வேகம் ஆபத்தானது. 2018-ல் பாரிஸ் அருகே நடந்த ரைடர் கோப்பையில், முன்னணி வீரர் புரூக்ஸ் கெப்கா அடித்த பந்து பார்வையாளர் ஒருவரின் முகத்தில் பட்டு, அவருக்கு ஒரு கண்ணில் பார்வையே போய்விட்டது. கைதேர்ந்தவர்களின் பந்தே திசைமாறும் என்றால், புதியவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

முன்னால் ஆடும் குழு பந்து எட்டாத தூரத்துக்குப் போகும்வரை அடிக்கவே கூடாது. பந்து யார் பக்கமாவது போனால் கூச்சப்படாமல் 'ஃபோர்!' என்று உரக்கக் கத்த வேண்டும். அந்தக் குரல் காதில் விழுந்தால், திரும்பிப் பார்க்காமல் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட வேண்டும்.

காக்க வைக்காதீர்கள்

தன் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்கின்றன 2019-ல் மாற்றப்பட்ட விதிகள். காணாமல்போன பந்தைத் தேட 3 நிமிடம் மட்டுமே. பின்னால் வருபவர்கள் வேகமாக ஆடினால், ஒதுங்கி நின்று அவர்களை முன்னே அனுப்பலாம். நட்பு ஆட்டத்தில் ஒரே குழியில் அடிமேல் அடி போய்க்கொண்டிருந்தால், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நகர்வதில் வெட்கமே இல்லை.

சத்தமும் நிழலும்

ஒருவர் அடிக்கத் தயாராகும்போது பேசுவது, அசைவது, அவருக்கு நேர் பின்னால் நிற்பது கூடாது. செல்போன் சைலன்ட்டில் இருக்கட்டும். குழி இருக்கும் வழவழப்பான புல்பரப்புக்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே அடுத்தவரின் பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள பாதையில் கால் வைக்கக் கூடாது. நம் நிழலும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்ணுக்கும் மரியாதை

மணல் பள்ளமான 'பங்கர்' உள்ளே போனால், வெளியே வரும்போது காலடித் தடங்களை அங்கிருக்கும் ரேக்கால் சமப்படுத்திவிட்டு வர வேண்டும். இல்லையென்றால், அடுத்தவரின் பந்து நம் காலடிக் குழியில் போய் உட்கார்ந்துவிடும். பந்து கிடக்கும் இடத்திலேயே ஆட வேண்டும் என்பதுதான் கோல்ஃபின் அடிப்படை விதி. நம் அலட்சியத்துக்கு அவர் தண்டனை அனுபவிப்பார்!

மட்டை பெயர்த்தெடுத்த புல்லை அதே இடத்தில் வைத்து மிதிக்க வேண்டும். சில மைதானங்களில் மணல் நிரப்பச் சொல்வார்கள். கிரீனில் பந்து விழுந்து ஏற்பட்ட பள்ளத்தை, அதற்கான சின்ன முள்கரண்டியால் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். நெம்பி மேலே தூக்கினால் புல்லின் வேர் அறுந்துவிடும்.

கேடியும் சக மனிதர்தான்

பையைச் சுமந்துவரும் கேடிக்கு அந்த மைதானத்தின் மேடு பள்ளமெல்லாம் அத்துப்படி. வயதில் சிறியவராக இருந்தாலும் 'வாங்க, போங்க' என்றே பேசலாம். நம் அடி தவறியதற்கு அவர் மீது எரிந்து விழுவதும், மட்டையைத் தூக்கி எறிவதும் அழகல்ல.

18-வது குழி முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, உடன் ஆடியவர்களுடன் கைகுலுக்குவது வழக்கம். அதற்குப் பிறகு ஸ்கோர் கார்டில் கையெழுத்து. புதருக்குள் யாரும் பார்க்காமல் அடித்த அந்த ஒரு அடியையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும்... ஆட்டத்தில் தோற்றாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்!