ஓசு காட்டும் இல்லறம்

1943ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜப்பானியத் திரைப்பட நெறியாளர் யசுஜிரோ ஓசு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு பரப்புரைப் படம் எடுப்பதே இராணுவம் அவருக்கிட்ட பணி. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் கத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அவர் படையில் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டங்களின் தமிழ் இளைஞர் பலர். ஓசுவின் படமோ முற்றுப்பெறவில்லை. எடுத்த சுருளையும் கதையேட்டையும் போர் முடிவில் எரித்துவிட்டார் என்பர். ஜப்பான் சரணடைந்தபின் சிறைமுகாமிலிருந்து ரப்பர்த் தோட்ட வேலைக்குச் சென்றவர், 1946 பிப்ரவரியில் தாயகம் திரும்பினார். அத்தோட்டத்துக்கும் நம் செனாய்க்கும் இடையே கடற்கால் ஒன்றுதான்.

அவர் இங்கு வந்த அதே நாள்களில்தான் நம் தோட்டத்து மக்கள் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்டோரை எண்ணி மாளாது. அப்படியிருக்க, ஜப்பானியர் படத்தை நாம் ஏன் சுவைக்க வேண்டும் என்று கேட்பாருளர். கேள்வி நேர்மையானது. ஓசுவின் படங்களில் போரில் மாண்ட ஜப்பானிய மகன் உண்டு. மாண்ட தோட்டத் தொழிலாளி இல்லை. அதை நான் குறையென்றே சொல்வேன். ஆயினும் அவர் காட்டும் வீட்டுக்குள் நுழைந்தால், அது நம் வீடாகவும் இருக்கிறது.

‘தோக்கியோ கதை’ (1953) என்னும் படத்தைப் பாருங்கள். கடலோர ஊராகிய ஓனோமிச்சியிலிருந்து முதிய பெற்றோர் மக்களைக் காணத் தலைநகர் செல்கின்றனர். மகன் மருத்துவர், மகள் கூந்தல் ஒப்பனைக்கடை நடத்துபவள். இருவரும் கொடியவர் அல்லர், நேரமில்லாதவர். போரில் மாண்ட மகனின் மனைவி நோரிக்கோ ஒருத்தியே வேலைக்கு விடுப்பெடுத்து முதியோரை ஊர்சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறக்கிறாள். தாயின் கடிகாரத்தை மாமனார் மருமகளிடம் கொடுக்கிறார். பிள்ளைகளை ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோருக்கு இக்கதையை விளக்க வேண்டுமா?

காட்டும் முறையும் கருதத்தக்கது. ஓசுவின் கேமரா பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் சற்றுத் தாழவே நிற்கும், பெரும்பாலும் நகராது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே புகைபோக்கி, காயும் துணி, ஆளற்ற நடை என ஏதேனும் ஒன்று வந்து போகும். இவை வெறும் இடைவெளி அல்ல. ‘பிந்திய வசந்தம்’ (1949) படத்தில், தந்தையைப் பிரிந்து மணம்புரியவிருக்கும் மகள் கியோத்தோ விடுதியில் இரவில் புன்னகை செய்கிறாள். அடுத்து ஒரு பூச்சாடி. மீண்டும் அவள் முகம் தெரியும்போது கண்ணீர் தளும்பி நிற்கிறது. அழுகை பிறந்த கணத்தை நாம் காணவில்லை, சாடியைத்தான் கண்டோம். அகப்பாட்டில் கருப்பொருள் செய்யும் பணியை அறிந்த தமிழாசிரியருக்கு இது புதிதன்று. உள்ளுறையும் இறைச்சியும் கற்றவர் நம்மைவிட எளிதாக ஓசுவைச் சுவைப்பவர் யார்?

ஓசு மணம்புரியாதவர்; தாயோடு வாழ்ந்தவர். 1903 டிசம்பர் 12இல் பிறந்து, 1963இல் அதே நாளில் மறைந்தார்.

மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர் ‘காலை வணக்கம்’ (1959) படத்தில் தொடங்கலாம். தொலைக்காட்சிப் பெட்டிக்காக அடம்பிடித்துத் திட்டு வாங்கிய இரு சிறுவர், பெரியவர் பேச்செல்லாம் வெற்றுப்பேச்சே என்று சொல்லி வாய்திறக்க மறுக்கின்றனர். படத்தின் இறுதியில், ஒருவரையொருவர் விரும்பும் ஓர் ஆணும் பெண்ணும் இரயிலுக்காக நிற்கின்றனர். வானம் தெளிவாயிருக்கிறது, மேகம் அழகாயிருக்கிறது என்பதற்குமேல் அவர்கள் ஒன்றும் பேசுவதில்லை.