மயிலும் ஒரு பிடி மண்ணும்

எங்கள் ஆயாவின் செபப் புத்தகத்துக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். மயிலாப்பூர் தோமையார் கல்லறையிலிருந்து கொண்டுவந்த மண் என்பாள். எனக்குக் காய்ச்சல் கண்டால் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசுவாள். பக்கத்து வீட்டு அம்மா தணிகை மலைத் திருநீற்றைத் தன் பிள்ளைகளுக்குப் பூசுவதும் அதே மாதிரிதான், அதே நடுவிரலால்தான். "வேதசாட்சி மண்ணுடி, கீழ சிந்தாத" என்பாள் ஆயா.

அவள் சிறு பெண்ணாயிருந்த காலத்தில் எங்கள் ஊரான திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் பாதிச் செபம் தெலுங்கிலும் பாதி தமிழிலும் ஓடும். புனிதர் என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. அவளுக்கு எல்லோரும் 'அர்ச்சியசிஷ்டவர்கள்'. அவர்களிலும் உயிரைக் கொடுத்தவர்கள் தனி. அவர்கள் வேதசாட்சிகள்.

எட்டு வயதில் நான் கேட்டேன்: "சாட்சி கோர்ட்டுலதானே சொல்லுவாங்க ஆயா? அதுக்கு ஏன் கொல்லணும்?"

"சொன்ன சொல்ல மாத்திச் சொல்லுன்னு கேப்பாங்க. மாட்டேன்னு நிப்பாங்க. அதான்."

முப்பது வருடம் வரலாறு நடத்திய பிறகும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் சாட்சி என்றுதான் பொருள். கிறிஸ்தவர்கள் தம் சொல்லுக்காகச் சாகத் தொடங்கிய பிறகே அந்தச் சொல்லில் இரத்தம் ஏறியது. ரோமானிய அதிகாரிகள் பலமுறை கேட்டது சின்ன விஷயம்தான்: பேரரசருக்காக ஒரு சிட்டிகை சாம்பிராணி போடு, வீட்டுக்குப் போ. 203ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரச் சிறையில் பெர்பெத்துவா என்ற இளம்பெண் இருந்தாள். வயது இருபத்திரண்டு. கையில் பால்குடி மாறாத பிள்ளை. வயதான அப்பா வந்து, பிள்ளையைப் பார், என் நரைத்த தலையைப் பார் என்று கெஞ்சுகிறார். அவள் அசையவில்லை. அவளோடு இருந்த அடிமைப்பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலேயே பிள்ளை பெற்று, சில நாளில் அரங்கத்துக்குப் போனாள். இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், பெர்பெத்துவா தன் சிறை நாட்களைத் தானே எழுதிவைத்ததுதான். அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி தன் கைப்பட எழுதியது! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கம்மிவிடும்.

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாருக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவர் அவர். ஆதாரம் கேட்ட அந்த மனிதரைப் பற்றி நம் கையில் உள்ள ஆதாரமோ மிகக் கொஞ்சம். கி.பி. 52இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் கரையிறங்கினார், 72இல் மயிலாப்பூரை ஒட்டிய மலையில் ஈட்டியால் குத்தப்பட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. கிடைக்கும் பழைய நூல், எதெஸ்ஸா நகரத்துச் சிரியாக் மொழியில் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்'. கொந்தபாரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டப் பணம் தருகிறான். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உன் மாளிகை விண்ணுலகில் எழும்பியிருக்கிறது என்கிறார். இப்படி ஒரு அரசனே இருந்ததில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கே அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. ஆனால் அந்நூலில் மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நூலின் கடைசிப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மஸ்தாய் என்ற அரசனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் ஊருக்கு வெளியே ஒரு மலையில் தோமாவை ஈட்டியால் குத்துகிறார்கள். பல காலம் கழித்து அரசனின் மகன் நோயில் விழ, அரசன் கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை, யாரோ மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்த மண்ணை எடுத்துப் பிள்ளைக்குக் கட்டுகிறான், பிள்ளை பிழைக்கிறான். எலும்புகள் எதெஸ்ஸாவில் இருந்ததை 4ஆம் நூற்றாண்டுக் கவி எஃப்ரேம் பாடியிருக்கிறார். 384இல் எகேரியா என்ற பெண் யாத்திரிகர் அங்கே போய் வணங்கியிருக்கிறார். 1258 முதல் அவை இத்தாலியின் ஓர்த்தோனாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நமக்கு மிஞ்சியது மண். 1290களில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் அதையே எழுதுகிறார்: தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப் போகிறார்கள், நீரில் கலந்து காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள். கிறிஸ்தவர் மட்டுமல்ல, முஸ்லிம்களும் வந்தார்களாம்.

வேலூரில் படித்த காலத்தில் ரயிலில் இதை வாசித்தபோது பக்கத்திலிருந்தவரைத் தட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடுத்த பக்கம் இன்னும் பெரிய வியப்பு. போலோவிடம் ஊரார் சொன்ன கதையில் கொலையே இல்லை. தோமா தோப்பில் செபம் செய்கிறார். சுற்றிலும் மயில்கள். வேடன் ஒருவன் மயிலுக்கு விட்ட அம்பு அவர் விலாவில் பாய்கிறது. அவன் அவரைப் பார்க்கவேயில்லை. காவடியில் மயிற்பீலி கட்டி ஏறுகிற ஊரில் பிறந்த எனக்கு அது யாரோ என் வீட்டுக் கதையைச் சொன்னது போல இருந்தது. பின்னாளில் சொல்லப்பட்ட கதைகளில் கொன்றவனுக்கு மதவெறி வந்து சேர்ந்தது. பிரசங்கங்களில் நான் கேட்டு வளர்ந்தது அதைத்தான். எனக்கு மயில் கதைதான் பிடித்திருக்கிறது. ஆனால் அதுவே நடந்ததென்றால், கண்டிப்பான பொருளில் தோமையார் வேதசாட்சி ஆகமாட்டார். ஆயாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

எழுதப்படிக்கத் தெரியாத அவளுக்கு இத்தனை கதை எங்கிருந்து வந்தது? கேட்டுக் கேட்டு வந்ததுதான். ஆனால் அந்த ஓட்டத்துக்கு ஓர் ஊற்று உண்டு. போர்ச்சுகலில் பிறந்து முத்துக்குளித்துறையில் ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் 1586இல் 'பிளோஸ் சாங்தோரும்' என்ற பெரிய நூலைத் தமிழில் அச்சிட்டார். முழுக்கப் புனிதர் கதைகள். இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் நூல்களின் வரிசையில், அவருடைய 1578 'தம்பிரான் வணக்கம்' வந்து எட்டே ஆண்டில் இது. பின்னர் 'அடியார் வரலாறு' என்ற பெயரோடு மறுபதிப்பு வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுகூட அச்சாகாத நாளில், தூத்துக்குடிப் பரதவர் கையில் ரோமாபுரி வேதசாட்சிகளின் கதை தமிழில் இருந்தது. நம் பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தியாவது வேண்டாமா?

வருடம் ஒருமுறை, ஜூலை 3 தோமையார் திருநாளையொட்டி, அவர் குத்தப்பட்டதாக நம்பப்படும் பரங்கிமலைக்குப் போவேன். திருத்தணியில் காலை மின்சார ரயில், சென்ட்ரலில் இறங்கிப் பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி. மலைப் படிகளைக் கட்டியது பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக் கொடுத்தவரும் அவரே. மேலே கோவிலில், பலிபீடத்துக்குப் பின்னால் இருப்பது 1547இல் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை. சுற்றிலும் பஹ்லவி எழுத்து. பாரசீகத்தோடு தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே வழிபட்டதற்கு இந்தக் கல் நேர்ச்சாட்சி. முழங்கால் வலியோடு படியேறும்போது தணிகை மலைப் படிகளில் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறும் பெண்கள் நினைவுக்கு வருவார்கள்.

செபப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பொட்டலத்தின் மடிப்புகள் கிழிந்துவிட்டதால் போன வருடம் வேறு காகிதத்தில் மாற்றினேன். பாதிக்கு மேல் சிந்திப்போயிருந்தது. புத்தகத்தின் தையல் இடுக்கிலிருந்து ஊசியால் கொஞ்சம் மீட்டேன். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன மண்ணு ஆயா?" என்று கேட்டாள். மயிலிலிருந்து தொடங்கினேன்.