பன்றிக் கணையம் முதல் பாக்டீரியா தொட்டி வரை... இன்சுலின் வந்த கதை!

ஃப்ரிட்ஜைத் திறந்தால், முட்டைக்கும் மல்லிப்பூ பொட்டலத்துக்கும் நடுவே ஒரு குட்டி பாட்டில். அப்பாவுக்கோ பாட்டிக்கோ தினமும் போடும் இன்சுலின். இன்று பல வீடுகளில் இது சாதாரணக் காட்சி.

அந்த பாட்டிலின் லேபிளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான பாட்டில்களில் பொடி எழுத்தில் ‘ஆர்-டி.என்.ஏ’ என்று இருக்கும். மனித இன்சுலினுக்கான மரபணுச் செய்தியைப் படித்து, ஒரு பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ தயாரித்துக் கொடுத்த மருந்து இது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரு கிருமி எப்படி மனிதனுக்கான ஹார்மோனைத் தயாரிக்கும்?

இறைச்சிக்கூடத்தை நம்பிய 60 ஆண்டுகள்

1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் ஃபிரெட்ரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசி போடப்பட்டது. முதல் ஊசியில் ஒவ்வாமைதான் மிச்சம். நன்றாகச் சுத்திகரித்து மீண்டும் போட்டபோது சர்க்கரை மளமளவென இறங்கியது. அதுவரை, டைப்-1 சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்ணெதிரே பறிகொடுக்க வேண்டியதுதான்.

அதன்பின் உலகத்துக்கே இன்சுலின் கொடுத்தவை பன்றியும் மாடும். கால் கிலோ இன்சுலின்கூடத் தேறாது. அதற்கே சுமார் 2 டன் பன்றிக் கணையம் வேண்டும்! மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. பன்றியின் மாலையில் ஒரு மணி வேறு. மாட்டின் மாலையில் மூன்று மணிகள் வேறு. அதனால் சிலருக்கு ஒவ்வாமை. நோயாளிகள் பெருகிக்கொண்டே போனால் கணையம் போதுமா என்ற கவலை வேறு.

கத்தரி, பசை, வளையம்

1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் புதிய வழி காட்டினார்கள். டி.என்.ஏ-வைக் குறிப்பிட்ட எழுத்துகள் வரும் இடத்தில் மட்டும் நறுக்கும் என்சைம்கள் பாக்டீரியாக்களிடம் உண்டு. அவை கத்தரி. நறுக்கிய முனைகளை ஒட்டும் ‘லைகேஸ்’ என்சைம், பசை. பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ வளையத்துக்குப் பெயர் பிளாஸ்மிட். அந்த வளையத்தைக் கத்தரித்து, நமக்கு வேண்டிய மரபணுவை நடுவில் ஒட்டி, திரும்ப பாக்டீரியாவுக்குள் அனுப்பினால் போதும். அது பெருகும்போதெல்லாம் நம் மரபணுவும் சேர்ந்து பெருகும். இதுதான் மரபணு குளோனிங்.

நல்ல சூழலில் இ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 10 மணி நேரத்தில் 30 முறை இரட்டித்தால், ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும்! இதே இரட்டிப்புக் கணக்கை பாக்டீரியா இல்லாமல், ஒரு சின்னக் குழாய்க்குள்ளேயே போட்டது 1983-ல் கேரி முல்லிஸ் யோசித்த பி.சி.ஆர் முறை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த டெஸ்ட்டின் அடிப்படையும் இதுதான்.

பிரதி எடுத்தால் மட்டும் போதுமா?

சமையல் குறிப்பை நூறு பிரதி எடுத்தாலும் யாராவது அடுப்பைப் பற்ற வைத்தால்தானே சோறு? மரபணுவும் அப்படித்தான். அதை இயக்க ஒரு ‘சுவிட்ச்’ வேண்டும். மனித சுவிட்ச் பாக்டீரியாவுக்குப் புரியாது. போதாக்குறைக்கு, மனித மரபணுவின் நடுவே புரதத்துக்குத் தேவையில்லாத பகுதிகளும் இருக்கும். அதை வெட்டி நீக்கிப் படிக்க பாக்டீரியாவுக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் இருந்த கெய்ச்சி இடாகுராவும் ஆர்தர் ரிக்ஸும் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று டி.என்.ஏ எழுத்து என்பது தெரிந்த கணக்கு. அதை வைத்து மரபணுவையே எழுத்தெழுத்தாக ரசாயன முறையில் செய்துவிட்டார்கள்! பாயரும் ராபர்ட் ஸ்வான்ஸனும் 1976-ல் தொடங்கிய ஜெனென்டெக் நிறுவனம் அவர்களோடு கைகோத்தது.

முதல் ஒத்திகை, 14 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சோமாடோஸ்டாடின் ஹார்மோன். முயற்சி தோற்றது. தயாரான குட்டிப் புரதத்தை பாக்டீரியாவே சிதைத்துவிட்டது. பால் சர்க்கரையைச் செரிக்க பாக்டீரியா வைத்திருக்கும் பெரிய புரதத்தின் வாலில் இதைக் கட்டி ஒளித்து வைத்தார்கள். பாக்டீரியா ஏமாந்தது. பிறகு ரசாயனத்தால் வாலை வெட்டி எடுத்தபோது, 1977-ல் வெற்றி!

அடுத்தது இன்சுலின். அதில் இரண்டு சங்கிலிகள். ஒவ்வொன்றையும் தனித்தனி பாக்டீரியாவில் தயாரித்து, 1978 ஆகஸ்ட்டில் டேவிட் கோடெல் அவற்றை இணைத்தார்.

அதே நேரத்தில் போட்டியில் இருந்த ஹார்வர்டு குழு, கட்டுப்பாடுகள் காரணமாக இங்கிலாந்தில் இருந்த பலத்த பாதுகாப்பு கொண்ட ஆய்வகத்துக்குப் போய் உழைத்தது. கடைசியில் பார்த்தால், கையில் இருந்தது எலியின் இன்சுலின் மரபணு! மாதிரிகளில் அது கலந்துபோயிருந்தது. ஆய்வகத்தில் ஒரு துளி கலப்படம் போதும், மொத்த உழைப்பும் வீண்.

1982 அக்டோபரில் மனித இன்சுலினுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றிய நுண்ணுயிரி தயாரித்து, மனிதர்களுக்கு அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் பின்னால் இதே வழியில் ஈஸ்ட்டிலிருந்து வந்தது.

நமக்கு என்ன பாடம்?

இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டியாவது போல, மடிப்பு குலைந்தால் புரதம் தன் வேலையை மறந்துவிடும். மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதைப் பருப்பு, முட்டை போலவே செரித்துவிடும்; அதனால்தான் ஊசி.

திறக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரி குளிரில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. தவறி உறைந்துவிட்டால், உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் தவறு. திறந்த பாட்டிலை எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பது வகைக்கு வகை மாறும். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை பாட்டிக்கு ஊசி போடும்போது, பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். பாட்டிக்கும் ஊசி வலி கொஞ்சம் மறந்துபோகும்!